பொட்டு கலையாத கம்ப்யூட்டர்

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஒரு சின்ன நூலகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒதுங்கி இருந்தது. மானிட்டருக்குப் பூப்போட்ட துணி உறை. கீபோர்டின் மேல் கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. சிபியு பெட்டியின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பொட்டு கலையவே இல்லை.

நூலகர் நல்ல மனிதர், பொறுப்பானவர். யாரும் இதைப் பயன்படுத்துவதில்லையா என்று கேட்டேன். “யாராச்சும் எதையாச்சும் அமுக்கி வச்சிட்டா அப்புறம் யாரு சார் வந்து சரி பண்றது? ஸ்டாக் ரெஜிஸ்டர்ல என் பேர்ல இருக்கு” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கெட்டுப்போனால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். உபயோகப்படாமல் கிடந்ததற்கு யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை.

நூலக விதிகள் ஐந்தை 1931-ல் எழுதிய சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்ற முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியில் கட்டிவைத்த கதையைச் சொல்கிறார். பத்திரமாக இருக்கவேண்டும் என்பதுதான் அங்கேயும் நோக்கம். பூப்போட்ட துணி உறையும் ஒரு சங்கிலிதான், கொஞ்சம் மென்மையானது. இத்தனைக்கும் நம் மாநிலத்தில் 1948-லேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளுக்கும் அந்த வரி உண்டு. அந்த வீடுகளில் ஏதோ ஒன்றில் தனியாக இருக்கிற ஆச்சி நூலகத்துக்கு வந்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படி ஓர் ஆச்சி வந்தார். பூர்வீக வீட்டைப் பங்காளிகள் பாகம் பிரிக்கப் பேச்சு நடக்கிறது, அதற்கு வில்லங்கம் பார்க்கவேண்டும். மகன் சிங்கப்பூரில். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். “இதெ நான் தொடலாமாப்பா? ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?”

எதிரெதிராக இரண்டு பயம். நூலகருக்கு, வருகிறவர்கள் கெடுத்துவிடுவார்களோ என்று. வருகிறவருக்கு, நாம் கெடுத்துவிடுவோமோ என்று. கணினிப் பயிற்சி வகுப்பு வைத்தால் இது போகும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வருஷத்துக்கு நாலு தடவை ஒரு காகிதம் எடுக்க வருகிறவருக்கு எதற்கு வகுப்பு? மாற்றவேண்டியது மெஷினை. யார் எதை அமுக்கினாலும் கெடாத, ஒருவர் எழுந்து போனதும் அவரைச் சுத்தமாக மறந்துவிடுகிற மெஷினாக அது இருந்தால் இரண்டு பயமும் ஒரே நேரத்தில் போய்விடும்.

மறதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது நூலகத்தில் அல்ல, ஒரு பிரவுசிங் சென்டரில். அவசரமாக ஒரு பிரிண்ட் எடுக்கப் போனேன். என் ஃபைலைத் தேடி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் இருநூறுக்கு மேல் பி.டி.எஃப் இருந்தன. ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், யாருடையதோ திருமணப் பதிவு. ஆதார் பி.டி.எஃப்புக்குப் பூட்டு உண்டே என்று சொல்வார்கள். அந்தப் பூட்டின் சாவி, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். அதே ஆளின் மதிப்பெண் சான்றிதழ் பக்கத்திலேயே கிடக்கும்போது அது என்ன பூட்டு? கடைக்காரர் கெட்ட எண்ணம் கொண்டவர் இல்லை. அழிக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தினம் ஐம்பது பேர் வந்துபோகிற இடத்தில் யாரையாவது நம்பி அழிக்கச் சொல்வதே தவறு. தானாக அழியவேண்டும்.

இதை எப்படிச் செய்வது? மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் இதற்கென்றே ‘ஸ்டெடிஸ்டேட்’ என்று ஓர் இலவச மென்பொருள் கொடுத்தது. பள்ளி, நூலகம், நெட் சென்டர்களுக்காக. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். 2010 கடைசியோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது விண்டோஸில் அதே வேலையைச் செய்கிற ‘ரைட் ஃபில்டர்’ என்ற வசதி எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும்தான் வருகிறது. கடையில் வாங்கும் மெஷினில் ஹோம் அல்லது ப்ரோ இருக்கும். டீப் ஃப்ரீஸ் போன்ற கட்டண மென்பொருள்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. பணம் கட்ட யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நாங்கள் அந்த நூலகத்தில் போட்டது லினக்ஸ் மிண்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய ஓர் இலவச இயங்குதளம். கொள்கை எதுவும் காரணம் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று அப்போதே தெரியும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், அந்தப் பழைய மெஷினில் அது கிடையாது. மிண்ட் 4 ஜிபி ராமில் சௌகரியமாக ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமாக இயங்குகிற எஸ்.எஸ்.டி ஒன்றை மாட்டினோம். மொத்தச் செலவில் பெரியது அதுதான், பலனும் அதில்தான் பெரியது. முன்பெல்லாம் ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வரலாம். இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை வந்துவிடுகிறது.

மிண்டில் ‘கெஸ்ட்’ கணக்கு என்று ஒன்று உண்டு. முதலில் அணைத்து வைத்திருப்பார்கள், நாம் லாகின் அமைப்பில் போய் இயக்கவேண்டும். இதைச் செட்டிநாட்டு வீட்டை வைத்துச் சொன்னால் நூலகருக்குச் சட்டென்று புரிந்தது. வந்தவர்கள் முகப்பில் உட்காரலாம், பேசலாம், காப்பி குடிக்கலாம். வளவுக்குள், அதாவது நடு முற்றப் பகுதிக்குள், வேண்டியவர்கள்தான் போவார்கள். அதற்கப்பாலுள்ள அறைகளின் சாவி வீட்டுக்காரர் இடுப்பில் இருக்கும். கெஸ்ட் கணக்கு அந்த முகப்பு. அதில் நுழைகிறவர் எதை இழுத்தாலும் அழித்தாலும் அந்த நேரத்துக்கு மட்டும்தான். வெளியேறியதும் அவர் இறக்கிய ஃபைல், திறந்து வைத்த மெயில், மாற்றிய வால்பேப்பர் எல்லாம் போய்விடும். அடுத்தவர் வரும்போது நாம் முதலில் அமைத்து வைத்த அதே ஐகான்கள் அதே இடத்தில் நிற்கும். பராமரிப்புக்கான கடவுச்சொல் நூலகரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

இதில் ஒரு வினை உண்டு, அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பயோடேட்டா அடித்தாள். டெஸ்க்டாப்பில் சேமித்தாள். ‘முடித்துவிட்டேன்’ பொத்தானை அமுக்கினாள். மறுநாள் வந்து தேடினாள். அழாத குறை. அன்றைக்கே மானிட்டருக்குக் கீழே ஒரு அட்டை ஒட்டினோம்: “இங்கே சேமிப்பது இங்கே தங்காது. பென் டிரைவில் எடுத்துக்கொள்ளவும், அல்லது உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளவும்.” நூலகர் வாயாலும் சொல்கிறார். அட்டையைப் பாதிப் பேர்தான் படிப்பார்கள்.

அந்த ‘முடித்துவிட்டேன்’ பொத்தானைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘லாக் அவுட்’ என்று இருந்தவரை யாரும் தொடவில்லை. எழுந்து போய்விடுவார்கள். ‘வெளியேறு’ என்று போட்டுப் பார்த்தோம், யாரோ துரத்துகிற மாதிரி இருக்கிறது என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். ‘முடித்துவிட்டேன்’ என்று திரையின் ஓரத்தில் பெரிதாக வைத்தபின்தான் அமுக்க ஆரம்பித்தார்கள். அப்படியும் சிலர் மறப்பார்கள். அதனால் பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே வெளியேறும்படி ஒரு சின்ன ஏற்பாடும் இருக்கிறது.

சரி, முகப்பு கட்டியாயிற்று. அடுத்தது அதில் என்ன கதவுகள் வைப்பது.

பழகாதவருக்கு வெறும் கூகுள் பக்கம் ஒரு பொட்டல் காடு. எங்கே போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும், அந்த இடத்தின் பெயர் தெரியாது. அவர் ‘பாஸ்போர்ட்’ என்று தேடினால் விளம்பரமாகவும் போலியாகவும் வருகிற பக்கங்களில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். போலி இணையதளங்களிடம் ஏமாறவேண்டாம் என்று பாஸ்போர்ட் துறையே எச்சரிக்கிறது. பாதிக் குடும்பம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற இந்த ஊர்களில் அது சின்ன விஷயம் இல்லை. அதனால் பிரவுசரைத் திறந்ததும் எங்கள் சொந்தப் பக்கம் ஒன்று வரும். அது கம்ப்யூட்டரிலேயே இருக்கிற ஃபைல், நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். அதில் எட்டு பெரிய பொத்தான்கள்.

எட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் நான் முதலில் தப்பு செய்தேன். ‘வருவாய்த்துறை’, ‘பதிவுத்துறை’, ‘உணவு வழங்கல் துறை’ என்று துறை துறையாகப் போட்டேன். நூலகர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சார், யாரும் துறையைத் தேடி வர்றதில்லை, காகிதத்தைத் தேடி வர்றாங்க” என்றார். இப்போது பொத்தான்கள் இப்படி இருக்கின்றன: பட்டா சிட்டா, வில்லங்கம், ரேஷன் கார்டு, கரண்ட் பில், பரீட்சை ரிசல்ட், டி.என்.பி.எஸ்.சி, பாஸ்போர்ட், ரயில். ரேஷன் கார்டு பொத்தானைப் பார்த்து அது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குக் கீழே ஒரு தனி வரிசை, படிப்பதற்கு. செய்தித்தாள்கள், தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். இது என் சொந்த ஆசை என்று ஒப்புக்கொள்கிறேன். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு வீடு நிறையப் புத்தகமும் பத்திரிகையும் விளம்பரத் தாளும் சேர்த்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, 1990-களில், அந்தத் தொகுப்பு சென்னைக்குப் போய் ஆய்வு நூலகம் ஆயிற்று. போனது நல்லதுக்குத்தான், இங்கேயே இருந்திருந்தால் செல் அரித்திருக்கும். ஆனாலும் ஊரிலிருந்து போன புத்தகங்களுக்குப் பதிலாக ஒரு திரை வழியாகவாவது பழைய புத்தகம் ஊருக்குள் வரட்டுமே. எதிர்பார்த்த அளவு கூட்டம் இல்லை. மூன்று பேர் தவறாமல் வருகிறார்கள்.

முழுத்திரை கியோஸ்க் முறை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸில் 2019 கடைசியில் வந்த 71-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அதைப் போட்டால் முகவரிப் பட்டி, டேப், மூடும் குறி எதுவும் தெரியாது. பார்க்க மிகச் சுத்தமாக இருக்கும். நூலகப் புத்தகப் பட்டியலை மட்டும் காட்டுகிற மெஷினுக்கு அது சரியான முறை. அரசு இணையதளங்களுக்கு அது ஒத்துவரவில்லை. பல தளங்கள் ஒரு பொத்தானை அமுக்கினால் புது விண்டோவில் திறக்கும், ரசீதை பி.டி.எஃப்பாகக் கொடுக்கும். டேப் தெரியாத திரையில் திரும்பிப் போக வழி தெரியாமல் ஆள் நடுக்கிணற்றில் நிற்பார். அதனால் நாங்கள் சாதாரண பிரவுசரையே வைத்து, பிரவுசரின் அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிற ஃபயர்ஃபாக்ஸின் கொள்கைக் கோப்பு வழியாகச் சிலவற்றை மட்டும் பூட்டினோம். கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்காது. அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கிற பெட்டிகள் வராது. வீட்டுக் குறியை அமுக்கினால் எட்டுப் பொத்தான் பக்கத்துக்கு வந்துவிடும். வழி தவறினால் வீட்டைத் தொடுங்கள், இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம்.

தமிழில் அடிப்பது தனிக் கதை. ஃபோனில் பழகிய பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துத் தமிழாக்கிக்கொள்வார்கள். ஆங்கில எழுத்தே சரளமில்லாத பெரியவர்களுக்கு அது இரட்டைச் சுமை. அவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை நன்றாகப் பொருந்துகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே வருஷம் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது அது. உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். க அடித்து இ அடித்தால் கி. அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, நடுவில் வருகிற புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அந்த, இங்கே போன்ற சொற்களிலும் புள்ளி தானாக வரும். அரிச்சுவடி படித்த யாருக்கும் இந்தக் கணக்கு புதிது இல்லை.

கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினோம். முதல் ஸ்டிக்கர் தொகுதி இரண்டு மாதத்தில் உரிந்தது. வியர்வை. இரண்டாவது முறை ஒட்டும் முன் விசைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம், நிற்கிறது. ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது: தமிழில் மாற்றி வைத்துவிட்டு மறந்து, படத்தில் தெரிகிற எழுத்தைத் திருப்பி அடிக்கச் சொல்கிற கேப்ச்சாவில் ஆங்கிலம் அடிக்கப் பார்த்தால் தமிழாக விழும், என்னமோ கெட்டுவிட்டது என்று கை நடுங்கும். ஒவ்வொரு கெஸ்ட் அமர்வும் ஆங்கிலத்தில்தான் தொடங்கும், ‘அ’ என்று ஒரு பெரிய குறி திரையின் மேல் மூலையில் தெரியும். அதற்கு மேல் எங்களுக்கு வழி தெரியவில்லை.

பழகாதவரின் கையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் நிறைய தெரியும். அந்த ஆச்சி மவுஸை மேசையிலிருந்து தூக்கித் திரைக்கு நேராக நீட்டினார், டிவி ரிமோட் மாதிரி. அவர் அறிந்த வரையில் அது முழுக்க நியாயமான யோசனை. மேசையில் வைத்து நகர்த்தச் சொன்னதும் நகர்த்தினார், அம்புக்குறி ஓடி ஓரத்தில் போய் ஒளிந்துகொண்டது. அதைத் தேடி முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். இரட்டைக் கிளிக் செய்யும்போது இரண்டு தட்டுக்கும் நடுவில் விரல் நழுவி, ஐகான் இழுபட்டு நகர்ந்தது. இது ஒவ்வொன்றுக்கும் அமைப்பிலேயே மருந்து இருக்கிறது. அம்புக்குறியைப் பெரிதாக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைக்கலாம், எழுத்தை ஒன்றேகால் மடங்கோ ஒன்றரை மடங்கோ ஆக்கலாம். மொத்தம் பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் நாம் அவர்களுக்கு மவுஸ் பழக்க வகுப்பு எடுக்கிறோம். திரை தானாக இருண்டுபோவதையும் நிறுத்திவிட வேண்டும். இருண்டால் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பவர் பொத்தானை அமுக்கிவிடுவார்கள்.

மென்பொருளை விட்டு வெளியே வந்தால் கரண்ட். ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்கிற ஊர் இது. ஒரு யுபிஎஸ் கட்டாயம். நாள் முழுக்க ஓட்ட அல்ல, பாதி நிரப்பிய படிவத்தை முடித்து அனுப்பப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும். மாலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன், நெட் மோடத்தையும் சேர்த்து.

அந்தப் பிளக் பிடுங்குவதில்தான் விசித்திரமான ஒரு கோளாறு வந்தது. ஒரு திங்கட்கிழமை நூலகர் ஃபோன் செய்தார், எந்தத் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பு இல்லை என்று சிவப்பாக ஏதோ வருகிறது, ஆனால் தன் ஃபோனில் அதே வைஃபையில் எல்லாம் திறக்கிறது என்று. நெட்காரரைக் கூப்பிட்டு, அவர் வந்து பார்த்து, தன் பக்கம் சரியாக இருக்கிறது என்று போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது திரையின் மூலையில் தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. பழைய மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அது. அது செத்துப்போனால், பிளக்கைப் பிடுங்கிய ஒவ்வொரு தடவையும் மெஷின் பழைய தேதிக்குப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. நம் கம்ப்யூட்டர் இருக்கிற ‘வருஷத்தில்’ அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் பிரவுசர் உள்ளே விடாது. சி.ஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கொடுப்பார்கள். பேட்டரியை மாற்றியதும் எல்லாத் தளமும் திறந்தது. நெட் இல்லை என்று மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிற பழைய மெஷின்களில் எத்தனைக்கு இந்தக் காசு பேட்டரிதான் நோயோ.

உட்காரும் இடம் பற்றி இரண்டு வார்த்தை. 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகள், தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது என்கின்றன. அவை தொழிலாக நெட் கொடுக்கிறவர்களுக்கு எழுதியவை. ஆனால் அதில் உள்ள யோசனை நூலகத்துக்கும் பொருந்தும்: ஆள் தெரியவேண்டும், அவர் படிப்பது தெரியக்கூடாது. எங்கள் மெஷினின் திரை சுவரைப் பார்த்த பக்கம் இல்லாமல், பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. நூலகருக்கு ஆளின் முகம் தெரியும். இன்னொன்று, நாற்காலி இரண்டு போடவேண்டும். இந்தப் பக்கம் யாரும் வில்லங்கம் பார்க்கத் தனியாக வருவதில்லை. கொழுந்தியாளோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட வருவார். ஒற்றை நாற்காலி போட்டால் கூட வந்தவர் நின்றுகொண்டே அவசரப்படுத்துவார்.

எவ்வளவு எளிமையாக்கினாலும் ஓரிடத்தில் எங்கள் கை நின்றுவிடும். ஓடிபி. பல வீடுகளில் ஆதாரோடு இணைத்த எண் மகனுடையது, மகன் வெளிநாட்டில், அந்தப் பழைய இந்திய சிம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் படிவம் நிரப்பி, கடைசியில் ஆறு இலக்கம் கேட்கும்போது ஆள் உடைந்துபோவார். இதற்குக் கம்ப்யூட்டரில் மருந்து இல்லை. அதனால் எட்டுப் பொத்தானில் எதெதற்கு ஓடிபி வேண்டுமோ அதன் மேல் சின்னதாக ஒரு ஃபோன் படம் போட்டோம். உட்காரும் முன்பே நூலகர் கேட்டுவிடுவார், “ஃபோன் கையில இருக்கா, நம்பர் அதுதானா?” இல்லையென்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றி வரச் சொல்வார். வங்கிக் கணக்கை இதில் திறக்கவேண்டாம் என்பதும் எங்கள் கருத்து. மெஷின் மறந்துவிடும்தான். ஆனால் பணம் போய்விட்டது என்று ஒருவர் வந்து நின்றால், காரணம் எதுவாக இருந்தாலும் பழி நூலகர் தலையில் விழும், துணி உறை மறுபடி ஏறிவிடும்.

கூட நின்று உதவுகிறவர் பற்றிக் கடைசியாக. செட்டிநாட்டார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் பெட்டியடிப் பையனாகப் போனவன் கடையில் உட்கார்ந்தே கணக்குப் பழகினான். பிறகு அடுத்தாள் ஆனான், மேலாள் ஆனான். பேரேட்டில் தானே எழுதி எழுதித்தான் கற்றான். எங்கள் நூலகத்தில் சனி, ஞாயிறு கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரே கட்டுப்பாடு: மவுஸைத் தொடக்கூடாது. கேட்க எளிது, செய்வது மகா கஷ்டம். ஆச்சி ‘தேடு’ பொத்தானைத் தேடி இரண்டு நிமிடம் அம்புக்குறியை அலையவிடும்போது, பக்கத்தில் நிற்கிற பையனுக்குக் கை பரபரக்கும். ஒருவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். “அந்தப் பச்சைக் கட்டத்தைத் தொடுங்க ஆச்சி. இல்ல, அதுக்குக் கீழ. ஆங், அதான்.”

அன்றைக்கு அந்த ஆச்சிக்கு வில்லங்கம் கிடைக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் அவர் தெரியாமல் பிரவுசரையே மூடிவிட்டார். “அய்யய்யோ” என்று கையை இழுத்துக்கொண்டார். “ஒண்ணும் ஆகல ஆச்சி, மறுபடி அந்த நரிப் படத்தைத் தொடுங்க.” தொட்டார். எட்டுப் பொத்தான் வந்தது. அதற்கப்புறம் அவர் கை மடிக்குத் திரும்பவில்லை. பிரிண்ட் வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு பங்காளியின் பெயரில் ஓரெழுத்து தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்தார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் போய் எட்டுப் பொத்தானையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். அரசு தளங்களின் முகவரி சொல்லாமல் மாறும். போன தடவை ரிசல்ட் பொத்தான் வெறும் பக்கத்துக்குப் போனது, மாற்றினேன். நூலகரின் மேசை இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில், பிரிக்காத காசு பேட்டரி இரண்டு இருக்கிறது. துணி உறையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார், மிக்ஸிக்குச் சரியாக இருக்கிறதாம்.